குறிச்சொல்லும் கூட்டத்தின் கணக்கும்

வானூரை அடுத்த மரக்காணம் உப்பளங்களின் ஒளிப்படம் ஒன்றை நண்பர் ஒருவர் இணையத்தில் பகிர்ந்தார். பாத்திகளுக்கு நடுவே வெண்குவியல்கள், தலைச்சுமையுடன் பெண்கள். படத்துக்குரிய குறிச்சொற்களைக் கருவி தானே முன்மொழிந்தது: பனி, குளிர்காலம், மலை. சித்திரை வெயிலில் எடுத்த படம் அது! நண்பர் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

கருவி கற்ற முறை அத்தகையது. முன்னர்ப் பலர் எப்படத்துக்கு எச்சொல்லை இட்டனர், எச்சொல்லோடு எச்சொல் சேர்ந்து வந்தது என எண்ணிப் பார்த்து, அதையே நமக்கு நீட்டுகிறது. 2008ஆம் ஆண்டில் யாஹூ ஆய்வாளர் இருவர் பிளிக்கர் தளத்தின் 5.2 கோடிப் படங்களைக் கொண்டு இம்முறையை ஆராய்ந்தனர். எங்கும் வரும் பொதுச்சொல்லையும், மிக அரிதாய் வரும் சொல்லையும் பின்னுக்குத் தள்ளுவது அவர்தம் வழி. கணக்குக்கு அது பொருந்தும். ஒருவர் மட்டுமே இட்ட சொல் பிழையாகவும் இருக்கலாமன்றோ? ஆயின் உப்பளமும், வானூர்ப் பக்கத்துக் கழுவெளியும் அக்கணக்கில் அரிய சொற்களே. அரியவை ஆதலால் நீட்டப்படா. நீட்டப்படாமையால் மேலும் அரியவாகும்.

பிழை எப்போதும் நகைப்போடு முடிவதுமில்லை. 2015இல் பிளிக்கரின் கருவி, ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாம் வாயிற்படத்துக்கு ‘விளையாட்டு’ என்று குறித்துக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

கருவியால் நன்மையே இல்லை என்பது எம் கட்சியன்று. முஹம்மது, முகம்மது, முகமது என ஒரே பெயரை நாம் பலவாறு எழுதுகிறோம். தேடுவோர்க்கு இதனால் நேரும் அலைச்சலை, ஒரே வடிவத்தை நீட்டும் கருவி பெரிதும் குறைக்கும்.

எம்மை உறுத்துவது வேறு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம். அதன் நாட்டுப்படலத்தில் அரபு நாடு, மழையும் ஆறும் வயலுமாய்த் தமிழ் மருதநிலம் போலக் குளிர்ந்து கிடக்கிறது. அப்படலத்தை ஒரு தளத்தில் ஏற்றிப் பார்த்தோம். ‘மதம்’, ‘இஸ்லாம்’ என்றது கருவி. பொய்யில்லை. ஆனால் ‘காப்பியம்’ வரவில்லை, ‘மருதம்’ வரவில்லை. தமிழ்க் காப்பியங்களைத் தேடிப் புகும் மாணவனுக்கு உமறு அங்கே அகப்படமாட்டார். நூலகத் தட்டிலும் பாடத்திட்டத்திலும் நம் இலக்கியத்துக்கு நேர்ந்த பழைய ஒதுக்கத்தையே கருவியும் கற்றிருக்கிறது; கற்பித்தவர் மனிதரே.

விடுபட்ட சொற்களை யாமே தட்டச்சு செய்து சேர்த்தோம். நண்பரும் தம் படத்தில் ‘பனி’யை நீக்கி ‘உப்பளம்’ என்று இட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்.