முரசின் உள்ளே எழுதிய பெயர்

'உலகின் அபூர்வ இசைக்கருவிகள்' என்று ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அட்டை. கருவியின் பெயர், நாடு, என்ன மரம், என்ன தோல், கடைசியில் ஒரு வகைப்பாட்டு எண். ஒரு பெட்டியில் பறை இருந்தது. எங்க தாத்தா வீட்டுத் தூணில் மாட்டி வைத்திருந்த அதே பறை. வேப்பஞ்சட்டத்தை வளைத்து இணைத்து, கன்னுக்குட்டித் தோலைப் புளியங்கொட்டைப் பசை வச்சு ஒட்டி, தீயில காய்ச்சி அடிச்சது. எங்க வீட்டுல அது அபூர்வமில்லை. குடம் மாதிரி, முறம் மாதிரி ஒரு சாமான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள போனதும் எப்படி அபூர்வமாச்சு? யாருக்கு அபூர்வம்?

அட்டையில் 'விலங்குத் தோல்' என்று இருந்தது. அந்தத் தோலை யார் உரித்தார்கள், ஏன் அவர்கள் தலையில் மட்டும் அந்த வேலை விழுந்தது என்பது இல்லை. மறந்துபோய் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அட்டையில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1876-ல் கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர், பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டுக்கு இந்திய வாத்தியங்களை அன்பளிப்பாக அனுப்பினார். பின்னால் காங்கோ மக்களை ரத்தம் கக்க வைத்த அதே லியோபோல்டுதான். அவை பிரஸ்ஸல்ஸ் இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதன் பொறுப்பாளர் மயோன் உலகக் கருவிகளை நாலு வகையாகப் பிரித்தார். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நாலு பிரிவுகளோடு அது பொருந்திப் போகிறது. 1914-ல் பெர்லினில் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் அதை விரித்து எண் கொடுத்தார்கள். இன்றைக்கும் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது அந்த முறையைத்தான். தமிழில் நாம் சொல்கிற நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவியும் இதே கதைதான். எது அதிர்ந்து ஒலி வருகிறது என்று மட்டும் கேட்கிற வகைப்பாடு இது. ஒலியைப் படிக்கிறவருக்கு அது வேணும். நமக்கு அதோடு சண்டை இல்லை. அதையே ஒரு கருவியின் முழு வரலாறு என்று அட்டையில் எழுதி வைக்கும்போதுதான் சண்டை.

நம்ம ஊர் சாதிப்புத்தி மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானைப் பாருங்கள். அங்கே தைகோ என்கிற முரசு. கெயாகி என்னும் மரத்தின் அடிமரத்தை அப்படியே குடைந்து, வருஷக்கணக்கில் உலரவிட்டு, இரண்டு வாயிலும் மாட்டுத்தோலை இழுத்து ஆணியடித்துச் செய்கிறார்கள். கோயிலிலும் விழாவிலும் அது முழங்கும். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, செத்த மாட்டை அகற்றுவதும் தோலுரிப்பதும் ஒரு பிரிவு மக்களுக்கென்று விதிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு வைத்த பெயரை எழுதுகிற எழுத்துக்களுக்கு 'அழுக்கு மிகுந்தவர்' என்று அர்த்தம். 1871-ல் ஓர் அரசாணை அந்தப் பெயரை ஒழித்தது. தீட்டு ஒழியவில்லை. புராக்குமின் என்று இன்று சொல்லப்படும் அவர்களுக்கும் மற்ற ஜப்பானியருக்கும் முகத்தில் வித்தியாசம் கிடையாது. பேச்சிலும் கிடையாது. பிறந்த சேரியை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் செய்த முரசு கோயிலுக்குள் போனது. பல ஊர்களில் அவர்கள் அந்தக் கோயில் விழாவில் சேர முடியவில்லை. நமக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லணுமா என்ன?

ஒசாகா நகரத்தில் நனிவா என்கிற பகுதி. பழைய பெயர் வத்தனபே கிராமம். தோல் தொழிலுக்கும் முரசு செய்வதற்கும் பேர்போன சேரி. பழைய முரசுகளைத் தோல் மாற்றுவதற்காகப் பிரித்தபோது, குடைந்த மரத்தின் உட்புறத்தில் எழுத்துக்கள் தெரிந்தன. செய்தவர் பெயர், ஊர், ஆண்டு என்று. உடனே இதைக் கலகம் என்று கொண்டாட நான் தயாரில்லை. தொழில் தெரிந்தவர்களின் வழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். முரசு முழங்குகிற காலம் வரை அந்தப் பெயரைக் கோயில் பூசாரி படிக்க மாட்டார், கேட்டு மெய்சிலிர்க்கிறவரும் படிக்க மாட்டார். தோல் கிழிந்த அன்றைக்கு, அதே சேரியைச் சேர்ந்த இன்னொரு தொழிலாளி பிரிக்கும்போதுதான் படிப்பான்.

இத்தனைக்கும் முரசு செய்கிற அந்தச் சேரியில் முரசு அடிக்கிறவர்கள் இல்லை. 1987-ல்தான் அங்குள்ள இளைஞர்கள் சொந்தமாக ஒரு குழுவைத் தொடங்கினார்கள். வைத்த பெயர் 'இக்காரி'. கோபம் என்று பொருள். தைகோ மேடையைப் பற்றி எழுதுகிறவர்கள் தசை வலிமையை எழுதுவார்கள், கட்டுப்பாட்டை எழுதுவார்கள், ஜப்பானியப் பாரம்பரியம் என்பார்கள். தோலைப் பற்றிப் பேச்சு வராது. இக்காரி அந்தப் பேச்சை மேடைக்குக் கொண்டுவந்தது. இவர்களைப் பற்றி 2010-ல் ஆவணப்படம் எடுத்த தெரதா யொஷிதாகா, அதற்கு முன்னால் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். சாதிக்கும் மேளத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டிலும் பார்த்த கண் அது.

மேடை வந்ததால் எல்லாம் மாறிவிடவில்லை. அதே நனிவாவில் 1985-ல் திறந்த ஒசாகா மனித உரிமை அருங்காட்சியகம், புராக்குமின் வாழ்க்கையையும் மற்ற ஒடுக்கப்பட்டவர்கள் வாழ்க்கையையும் காட்சிக்கு வைத்தது. 2013-ல் அரசு உதவி நின்றது. 2020-ல் அந்த இடத்தில் மூடியே விட்டார்கள். முரசைப் பெட்டியில் வைக்கிற அருங்காட்சியகத்துக்கு எந்த ஊரிலாவது காசு இல்லாமல் போகுமா?

டிரினிடாட்டில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. 1880-களில் வெள்ளை அரசு கறுப்பர்களின் முரசுக்குத் தடை போட்டது. மூங்கிலைத் தரையில் இடித்தார்கள். பிறகு பிஸ்கட் தகரம், அப்புறம் எண்ணெய்ப் பீப்பாய். அந்தத் தகரத்தைத் தட்டிச் சுருதி சேர்த்ததுதான் ஸ்டீல் பேன். ஆரம்பத்தில் அடித்தவர்களை ரவுடிகள் என்றார்கள். 1992-ல் அது தேசிய வாத்தியம். அங்கே எல்லி மானெட், ஸ்ப்ரீ சைமன் என்று தகரத்தைத் தட்டியவர்களின் பெயர்களே சரித்திரமாக நிற்கின்றன. செய்தவனை மறப்பது இயற்கை விதி இல்லை என்பதற்கு இது போதும். தகரத்துக்கு இல்லாத தீட்டு தோலுக்கு இருப்பதையும் கவனிக்கணும்.

இனி நம்ம பக்கம் வருவோம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டவர்கள் நம்மிடம் உண்டு. அதையே விடுதலைப் பறையாக்கி மேடையேற்றியவர்களும் உண்டு. இரண்டும் மானத்தின் குரல்தான். ஆனால் தோழர்களே, இரண்டு பேச்சும் அடிக்கிறவரைப் பற்றியே இருக்கிறது. தோலைப் பதம் பண்ணினவர் எங்கே? எங்க ஆயா சுண்ணாம்புத் தண்ணியில கை வெந்துபோக மயிர் நீக்கினது எந்தப் பாட்டில் வருகிறது? மிருதங்கம் செய்கிறவர்களின் வாழ்க்கையை முழுப் புத்தகமாக 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-ல் எழுதியது. எழுதியவர் டி. எம். கிருஷ்ணா, கச்சேரி மேடைப் பாடகர். அந்த வேலையை நாம் செய்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் அட்டையைத் திட்டுகிற நாம், நம்ம மேடையின் துண்டறிக்கையையும் எடுத்துப் பார்க்கணும். அதில் கலைஞர் பெயர் இருக்கும், தலைவர் பெயர் இருக்கும், ஒலிபெருக்கிக்காரர் பெயர்கூட இருக்கும். பறை கட்டினவர் பெயர் இருக்காது.

எங்க தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவர் பறையில் ஒரு எழுத்தும் இல்லை. தைகோவுக்கு இரண்டு பக்கமும் தோல், பெயர் இருட்டுக்குள்ள போயிடும். பறைக்கு ஒரு பக்கம்தான் தோல். பின்பக்கம் திறந்தே கிடக்கு. இனிமேல் கட்டுகிற ஒவ்வொரு பறையின் சட்டத்திலும் கட்டினவர் பெயரையும், தோல் பதம் பண்ணினவர் பெயரையும், ஊரையும் எழுதுவோம். அடிக்கிறவர் தூக்கிப் பிடிக்கும்போது எல்லோரும் படிக்கட்டும்.