சிரட்டைக் கிண்ணமும் பன்பாயும்: கைவினை இரசனை பற்றிய ஒரு குறிப்பு

அழகுணர்ச்சி பற்றிப் பேசும்போது நூல்களையும் அரங்குகளையும் மாத்திரமே கருத்திற் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒருவர் அமர்ந்து தேநீர் அருந்தும் இடத்திலே அவ்வுணர்ச்சி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை நமது விமரிசனம் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. ஆயின் இன்று நடுத்தர வர்க்கத்தினரின் இரசனை தன்னை மிகத் தெளிவாக வெளிப்படுத்திக்கொள்ளும் இடங்களுள் ஒன்றாக நகர்ப்புறத்துச் சிற்றுண்டிச்சாலை அமைந்துள்ளது. அண்மையிற் கொழும்பிலே அத்தகையதொரு சாலைக்குச் சென்றிருந்தோம். சுவரிலே சட்டமிட்ட பன்பாய் ஒன்று தொங்கியது. தலைகீழாகக் கவிழ்த்த கடகம் விளக்குக் கூடாகியிருந்தது. தயிர்ச்சட்டியிலே செடி முளைத்து நின்றது. பழத்துண்டுகள் மினுக்கித் தேய்த்த சிரட்டையிற் பரிமாறப்பட்டன. அங்கிருந்தோர் இவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அம்மகிழ்ச்சி பொய்யானதன்று. அது எதனை நினைவிற் கொண்டு எதனை மறக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இத்தகைய இரசனையை எதிர்கொள்ளும்போது இருவகையான எதிர்வினைகள் தோன்றுவதைக் காணலாம். பாரம்பரியம் மீண்டும் உயிர்பெற்றுவிட்டது எனப் பெருமிதங் கொள்வது ஒன்று. அதனைப் பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. சட்டத்துள் அடைபட்ட பாயில் எவரும் படுப்பதில்லை. மற்றையது நமது சொந்த மரபிலிருந்து எழுவதாகையாற் கூடிய கவனத்துக்குரியது. அலங்காரம், விளையாட்டு, கண்ணுக்கினிமை ஆகியவற்றை ஓய்வு வர்க்கத்தின் சொத்தாகக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமரிசனத்தில் நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. உள்ளடக்கத்தின் முதன்மையை நிலைநாட்டும் போராட்டத்தில் அதற்கொரு வரலாற்று நியாயம் இருந்தது. எனினும் அது மார்க்சின் கருத்தன்று. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே, விலங்கு தன் உடனடித் தேவைக்கே உற்பத்தி செய்கின்றது, மனிதனோ அழகின் விதிகளுக்கேற்பவும் பொருள்களை உருவாக்குகின்றான் என்னுங் கருத்தை அவர் முன்வைத்தார். அவ்வாறாயின் அழகு உழைப்பின் மேல் பின்னர் பூசப்படும் மெருகன்று. உழைப்பின் உள்ளேயே பிறப்பது. இதனை நாம் மேற்கோளாகக் கற்றிருக்கிறோமேயன்றி நமது கிராமங்களை நோக்கும் கண்ணாகப் பயன்படுத்தியதில்லை.

வெல்லாவெளி இதற்குப் பொருத்தமானவோர் இடம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையிலே, போரதீவுப்பற்றுப் பிரிவில் அமைந்துள்ள ஊர் அது. கடலும் கடைத்தெருவும் எழுவான்கரைக்கு. வயலும் மாட்டுப்பட்டியும் படுவான்கரைக்கு என்னும் பிரிவினை இன்றும் முற்றாக மறையவில்லை. 1978 நவம்பரிற் சூறாவளியையும், 2007இற் போரினால் ஏற்பட்ட பெரும் இடப்பெயர்வையும் கண்ட பிரதேசம் அது. அழகுப் பொருள்களைத் தேடி எவரும் முதலிற் செல்லும் இடமன்று.

இப்பகுதியிலே பாயிழைத்தல் பெரும்பாலும் பெண்களின் தொழில். நீர்நிலையோரங்களிற் பன்னை வெட்டி, வெயிலிற் காயவைத்து, சாயநீரில் அவித்தெடுத்து, நிலத்திற் குந்தியிருந்து இழைக்கின்றனர். கழுத்திலும் முழங்காலிலும் நோவு தங்கிவிடும் வேலை. படுப்பதற்குச் சாயமிடாத பாய் போதும். ஆயினும் நடுவிலே கட்டங்களும் ஓரத்திலே சிவப்பும் ஊதாவுமான வரிகளும் இடம்பெறுகின்றன. அவை எதற்கு என நாம் வினவியபோது வயதான தாயொருவர் சிரித்துவிட்டு, “ஒரே நிறத்துல இழைச்சா கைக்கு அலுப்பு வரும், மனே” என்றார். நமது அழகியல் விரிவுரைகள் பலவற்றினும் அவ்விடை தெளிவானதாக நமக்குப் பட்டது. கட்டம் வாங்குபவருக்காக மாத்திரம் இடப்படுவதன்று. உழைப்பின் சலிப்புக்கு எதிராக இழைப்பவரின் கை தனக்கெனப் பெற்றுக்கொள்ளும் விளையாட்டு அது. சிற்றுண்டிச்சாலையிலே நாம் கண்டு மகிழ்ந்த விளையாட்டுத்தன்மை அங்கே பிறந்ததன்று.

தயிர்ச்சட்டியின் கதை சற்று வேறு. மட்டக்களப்புத் தயிரின் இறுக்கத்துக்குப் பாலின் கொழுமை மாத்திரமன்றிச் சட்டியின் நுண்துளைகளும் காரணமாகும். மண் நீரை உறிஞ்சத் தயிர் கட்டிபடுகின்றது. குயவரின் அறிவும் பட்டிக்காரரின் அறிவும் ஒன்றுசேரும் பொருள் அது. செடி வளர்க்கும் சட்டியாக மாறியபோது அதன் வடிவம் எஞ்சியது, அவ்வறிவு மறைந்தது. பண்டமாக்கம் எனப்படுவதை இதனினும் எளிதாக விளக்க முடியுமோ நாமறியோம்.

இச்சிக்கல் நமது காலத்துக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் 1861இல் நண்பர்களுடன் கைவினை நிறுவனத்தைத் தொடங்கி, 1883இற் சோசலிச இயக்கத்திற் சேர்ந்தார். உழைப்பில் இன்பம் இருத்தல் வேண்டுமென வாதிட்ட அவருடைய கம்பளங்களையும் திரைச்சீலைகளையும் செல்வரே வாங்க முடிந்தது; அம்முரண்பாட்டை அவரே கசப்புடன் உணர்ந்திருந்தார். அவர் வழியிற் சென்ற ஆனந்த குமாரசுவாமி கண்டிச் சிங்களக் கலைகளைப் பற்றிய தமது பெருநூலை 1908இல் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டு வெளியிட்டார். மொத்தம் 425 பிரதிகள். கைவினைஞரின் பெருமையைப் பேசிய நூல் கைவினைஞர் எவரும் வாங்கவியலாத நூலாயிற்று. குமாரசுவாமியின் புலமையிலோ பரிவிலோ ஐயமில்லை. ஆனாற் கைவினைஞரின் கடமையையும் காணியையும் பிணைத்து வைத்திருந்த சாதிவழிச் சேவகமுறையை அவர் இசைவான சமூக ஒழுங்காகக் கண்டார். நமது கருத்து வேற்றுமை அங்கேயே தொடங்குகின்றது.

ஈழத்துச் சூழலில் இவ்விரசனைக்கு நிறுவன வடிவம் கொடுத்தவருள் பார்பரா சன்சோனி (1928–2022) முக்கியமானவர். கொழும்பு காலி வீதியிலுள்ள ‘பெயார்ஃபூட்’ கைத்தறித் துணிகளும் துணிப் பொம்மைகளும் முற்றத்துச் சிற்றுண்டிச்சாலையும் ஒருங்கமைந்த இடம். துணிச்சலான அவரது வண்ணச் சேர்க்கைகள் நமது கண்ணைப் பழக்கின என ஒப்புக்கொள்ளல் நேர்மையாகும். கிராமியப் பெண்கள் பலருக்கு அத்தறிகள் ஊதியமும் தந்தன. எனினும் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ் மருதமுனை போன்ற ஊர்களில் தழைத்திருந்த கைத்தறி, 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் மலிவான இறக்குமதித் துணிகளின் முன்னே நிலைகுலைந்தது. அன்றாடச் சாரமும் சேலையும் நெய்த தறி ஓய, அரிதான அழகுப்பொருளை நெய்யும் தறியே விலைபெற்றது. கைவினை மீது நகரத்துக்கு ஏற்பட்ட காதல், கைவினை அன்றாட வாழ்வை விட்டு நீங்கத் தொடங்கியபின் வலுத்தமை தற்செயலன்று.

இனிச் சிரட்டைக்கு வருவோம். இயற்கைக்கு இசைவானது, கையாற் செய்தது என்று அச்சாலையின் விலைப்பட்டியல் அதனைப் புகழ்ந்தது. பழத்துண்டுகளும் சுவையாகவே இருந்தன. ஆயின் தமிழ்ச் சமூகத்திலே சிரட்டை தேநீர்க்கடைக்குள் நுழைவது இது முதற்றடவையன்று. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் ஊற்றிக் கடைக்கு வெளியே குடிக்கச் செய்த வழக்கம் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் நிலவியது. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும் அது ஒழியவில்லை. 1966ஐ அடுத்த ஆண்டுகளில் வடபகுதியில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் இரத்தஞ் சிந்தியே முன்சென்றன. கே. டானியல் 1972இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ நாவல் அக்கால யாழ்ப்பாணத்தின் சாதிக் கொடுமையை இலக்கியமாக்கியது. அந்நாவலைப் பாடமாகக் கற்பிக்கும் நாமே, சிரட்டையைக் கையிலேந்தி அதன் வழுவழுப்பை வியந்து சில கணங்கள் கழிந்தபின்னரே அதனை நினைவுகூர்ந்தோம். குற்றம் சிரட்டையினதன்று, அதனைத் தேய்த்து மெருகிட்ட தொழிலாளியினதுமன்று. ஒரு பொருளின் வடிவத்தை அதன் வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து இரசிக்கும் வசதி யாருக்கு வாய்த்தது என்பதே வினா. அதே சிரட்டையில் ஒரு காலத்திற் குடிக்க நேர்ந்தவரின் பேத்தி அம்மேசையில் நம்முடன் அமர்ந்திருப்பின் அவளுடைய மகிழ்ச்சி எத்தகையதாயிருக்கும்? ஒருவேளை அவளும் விரும்பியே உண்பாள். அது அவளுடைய உரிமை. ஆனால் அவள் அறிந்து உண்பாள்.

பிறரை மாத்திரம் குறைகூறுவதாக இக்குறிப்பு அமைந்துவிடலாகாது. பல்கலைக்கழகத்தவராகிய நாமும் கிராமத்துக் கலையை இடம்பெயர்த்தோரே. 1960களிற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். விடியும்வரை ஆடப்பட்ட கூத்துச் சுருங்கியது. நகரத்துக் கண்ணுக்கு இனிதாயிற்று. அதனையும் சுவரில் மாட்டிய பாயெனக் கூறிவிடலாமா? கூறலாகாது என்பதே நமது கருத்து. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவருக்குக் கூத்தைப் பழக்கினார். பழக்கியவர் இன்னார் என்பது பதிவாயிற்று. அங்கு பயின்றோர் மீண்டும் மட்டக்களப்புக் களரிகளை நாடிச் சென்று ஆராய்ந்தனர். இடம்பெயர்ப்பு முழுதும் களவன்று. திரும்பிச் செல்லும் பாதை ஒன்று திறந்திருந்ததா என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும்.

சுவரிலே தொங்கிய பாயின் சீட்டில் ‘கிழக்கு மாகாணக் கைவினை’ என்று அச்சிடப்பட்டிருந்தது. விலையும் இருந்தது. இழைத்தவர் பெயர் இல்லை. இதனைக் காணும்போது புறநானூற்றின் 256ஆம் பாடல் நினைவுக்கு வருகின்றது. கணவனை இழந்த பெண்ணொருத்தி, அவனை அடக்கம் செய்யும் தாழியிலே தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனைந்து தருமாறு குயவனை வேண்டுகின்றாள். தாழியைப் பற்றிய பாடல் அது; ஆனால் அவள் தாழியோடு பேசவில்லை. வனைபவனை விளித்தே பேசுகின்றாள்.