கொள்வகையும் கொள்வோரும்: நன்னூற் பாயிரத்தின் கற்பித்தற் சிந்தனை

நன்னூலைப் பாடநூலாகப் பயிலும் நம்மவருட் பலர் அதன் பொதுப்பாயிரத்தை வாயிலிற் கட்டிய தோரணமாகவே கருதி வந்துள்ளனர். எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமுமே இலக்கணம். பாயிரம் அவற்றுக்கு முன் நிகழும் சடங்கு என்பது அவர்தம் எண்ணம். தேர்வுக்காக நல்லாசிரியர்க்குரிய உவமைகள் நான்கையும், ஆசிரியராகத் தகாதவர்க்குரிய உவமைகள் நான்கையும் நெட்டுருப்பண்ணி எழுதியதும் பாயிரம் மூடப்பட்டுவிடும். ஆயின், 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூலின் முகப்பிலே, கற்பிப்பவன் யார், கற்பவன் யார், எவ்வாறு கற்பித்தல் வேண்டும், எவ்வாறு கற்றல் வேண்டும் என்னும் நான்கு வினாக்களுக்கும் ஒழுங்குபட விடையிறுக்கும் கோட்பாடொன்று அமைந்துள்ளது. அதனை இன்றைய வகுப்பறை ஆய்வுகளோடு ஒப்பவைத்து மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் எனப் பெருமிதங்கொள்வோர் நம்மிடையே உளர். மரபுவழிக் கல்வி வெறும் மனனமே என ஒதுக்குவோரும் உளர். இருசாராரும் பாயிரத்தை முழுமையாகப் படித்தாரல்லர். அதனுள் ஆய்வாளர் அண்மையிலேயே நிறுவிய உண்மைகள் சில உள. இன்று எவ்வாற்றானும் ஏற்கவியலாத தீர்ப்பொன்றும் உளது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே திறனாய்வின் கடன்.

முதற்கண், பாயிரம் கற்றலைக் கணக்கிட்டுக் காட்டும் முறை நோக்கத்தக்கது. ஆசிரியன் உரைப்பதை மாணாக்கன் செம்மையாகக் கேட்டாலும் புலமையிற் காற்பங்கே அவனை வந்தடையும். உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். இக்கணக்கு அளந்து பெற்றதன்று. அனுபவத்தின் வழிவந்த மதிப்பீடே. ஆயினும் அதன் கருத்து வியப்புக்குரியது. ஆசிரியனது பெருமையைப் பலபடப் பேசும் ஒரு நூல், அவனது விரிவுரைக்குக் காற்பங்குக்கு மேல் இடங்கொடுக்க மறுக்கின்றது.

பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியனை அடுத்து மீண்டும் கேட்டல், ஒத்தாரோடு பயிலுதல், வினாதல், வினாயவற்றுக்கு விடையிறுத்தல் எனப் பயிலும் முறைகளையும் பாயிரம் நிரல்படுத்துகின்றது. இவற்றுட் 'கேட்டவற்றை நினைத்தல்' என்பதை உரைகாரர் சிந்தித்தல் எனக் கொண்டு கடந்து செல்வர். அதனை மாட்டின் உவமையோடு சேர்த்து நோக்கினாற் பொருள் விளங்கும். தலைமாணாக்கர்க்குக் கூறப்பட்ட உவமைகளுள் ஒன்று பசு. வயிறார மேய்ந்தபின் ஓரிடத்திற் படுத்து, உண்டதை மீளக் கொணர்ந்து அசைபோடுவது. கற்றதை ஏட்டின் துணையின்றி உள்ளத்திலிருந்து மீளக் கொணர்தலே இங்குக் குறிக்கப்படுவது.

2006ஆம் ஆண்டில் றோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வெளியிட்ட சோதனை இதற்கு ஒளிதருவது. மாணவர் சிலர் உரைப்பகுதியொன்றை மீண்டும் வாசித்தனர். வேறு சிலர் அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவரே முந்தினர். ஒரு வாரத்தின் பின்னரோ, நினைவிலிருந்து எழுதியோர் 56 வீதத்தையும், மீள வாசித்தோர் 42 வீதத்தையும் நினைவுகூர்ந்தனர். உடனடிப் பயனைத் தரும் முறையும் நிலைத்த பயனைத் தரும் முறையும் வேறுவேறு என்பது இதனாற் பெறப்படும். பிறர்க்கு உரைத்தலின் பயனைப் பற்றியும் சோதனைகள் உள. பியோறெல்லா, மேயர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கற்பிக்கப்போவதாக எண்ணிப் பாடத்தை ஆயத்தஞ்செய்தோரும் அதனை உண்மையாகவே கற்பித்தோரும் ஒப்பிடப்பட்டனர். நாட்கள் கழிந்தபின் நடந்த சோதனையில் மேம்பட்டு நின்றோர் கற்பித்தோரே.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கமும் இவ்வகையினதே. 1789 முதற் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தில் அந்திரு பெல் என்னும் குருவானவர், சுதேசப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைக் கைக்கொண்டதோடு, பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் அதனை ஒரு பரிசோதனை என்றே பெயரிட்டழைத்தது. பின்னர் அம்முறை 'மதராஸ் முறை' என மேனாடுகளிற் பரவியது. எனினும் அங்கு அது பெரும்பாலும் ஓர் ஆசிரியரைக்கொண்டு பல நூறு பிள்ளைகளை மலிவாக நடத்தும் உபாயமாகவே பயன்பட்டது. சொல்லிக்கொடுக்கும் பிள்ளை கற்கின்றது என்னும் உட்கருத்துப் பின்தள்ளப்பட்டது. முறையின் பெயர் பரவுதல் வேறு, அதன் பயன் பரவுதல் வேறு.

மனனத்தையும் பாயிரம் அதற்குரிய இடத்திலேயே நிறுத்துகின்றது. சொல்லிக்கொடுத்ததையன்றி வேறொன்றும் சொல்லாத கிளியை அது கடைமாணாக்கனாகவும் தள்ளவில்லை, தலைமாணாக்கனாகவும் ஏற்கவில்லை, இடையில் வைத்தது. மனனத்தைத் தூற்றுவோரும் போற்றுவோரும் இந்த நடுநிலையைக் கற்றுக்கொள்ளுதல் நன்று.

இனி, கற்பிப்போன் பாற் செல்வோம். நூல் கொடுப்போன் விரையாமலும் வெகுளாமலும் முகமலர்ந்து, கொள்வோனது கொள்வகையை அறிந்து கொடுத்தல் வேண்டும் என்பது பாயிரத்தின் விதி. 'விரையாமை' இங்கு ஒரு பண்பாகக் கூறப்பட்டது. அது கற்பித்தல் உத்தியுமாகும் என்பதை மேரி பட் றோ என்பார் 1974இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்துகின்றது. ஆசிரியர் வினாவொன்றை வினவியபின் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரி ஒரு விநாடியளவே என அவர் கண்டார். அதனை மூன்று விநாடிக்கு மேல் நீட்டிய வகுப்புகளில் விடைகள் நீண்டன, விடையின்மை குறைந்தது, பிள்ளைகளே வினாக்களை எழுப்பலாயினர், மந்தமானவர் எனக் கருதப்பட்டோரும் வாய்திறந்தனர். இன்னொன்றையும் அவர் கண்டார். கெட்டிக்காரர் எனத் தாம் கருதிய பிள்ளைகளுக்காக ஆசிரியர் கூடுதலான நேரம் காத்திருந்தனர். பின்தங்கியோர் எனக் கருதியோர்க்கு அந்நேரமும் கிடைக்கவில்லை. யாருக்கு நேரம் மிக வேண்டுமோ அவர்க்கே அது குறைவாக வழங்கப்பட்டது.

மானிப்பாயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் படித்த எம்போன்றோர்க்கு இது புதிய செய்தியன்று. "விளங்கிச்சுதா?" என்பார் ஆசிரியர். "ஓம்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுக்கும். அந்த 'ஓம்' யாருடையது? முன்வாங்கின் நாலைந்து பேருடையது. பின்வாங்கிலிருப்போன் அக்குரலினுள் மறைந்துகொள்வான். ரியூட்டறி என வழங்கும் தனியார் கல்வி நிலையங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கிருந்து குறிப்பெழுதும்போது அந்த 'ஓம்' கூட வேண்டப்படுவதில்லை. தானாக விழுந்தாலன்றிப் பழத்தைத் தராத, அண்டி ஏற வருபவரை மட்டையாற் கீறும் மடற்பனையை ஆசிரியராகத் தகாதவர்க்குப் பாயிரம் உவமை கூறிற்று. பனையோடு வாழும் நமக்கு அவ்வுவமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கொள்வகை என்பது பாடத்தின் ஒழுங்கையும் மொழியையும் அடக்கும். இட்ட முறையிலன்றி முறைபிறழக் கொட்டும் கழற்பெய்குடத்தையும் பாயிரம் கண்டிக்கின்றது. நன்னூல் விருத்தியுரையை 1851இற் பதிப்பித்த ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணையில் 1848இல் தாம் தொடங்கிய பாடசாலைப் பிள்ளைகளுக்காகப் படிப்படியாக அமைந்த பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதினார். பாயிரத்தைப் பதிப்பித்தவர் அதன்படி நடந்தும் காட்டினார் எனல் தகும்.

நாவலர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் பிறந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிப் பிறவிடங்களுக்குச் செல்ல, ஊரவர்க்கு வைத்தியர் இல்லாமற் போவதை உணர்ந்து, 1864இல் தமிழ்மொழிக் கல்விக்கு மாறினார். நூல்கள் இல்லாமையால் அவற்றை ஆக்கவேண்டியதாயிற்று. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்பில் அவரிடம் கற்றோரும் பங்குகொண்டனர். தாம் கேட்ட பாடத்தைப் பின்வருவோர்க்காகத் தமிழில் எடுத்துரைத்த அம்மாணாக்கர், பாயிரம் கூறிய எஞ்சிய அரைப்பங்கையும் மானிப்பாயிலேயே பெற்றுக்கொண்டவராவர். அவர்கள் பள்ளிச் சிறுவரல்லர் என்பது மெய்யே. எனினும், கொள்வோனை நோக்கிக் கற்பித்தல் தன்னை மாற்றிக்கொண்டமைக்கு நம்மூரில் இதனினும் தெளிவான சான்று காணல் அரிது.

இத்துணையும் பாயிரத்தின் சிறப்பு. அதன் குறை யாது? நூல் கற்பிக்கத் தகாதவர் யார் என ஒரு நிரலை அது தருகின்றது. அதிற் கள்வனும் காமியும் மட்டுமல்லர். நோயாளியும், மந்தனும், பழைய நூல்களின் கடுமைக்கு அஞ்சித் தடுமாறுவோனும் உளர். கற்க இடர்ப்படுவோனுக்குக் கற்பிக்கலாகாது என்பதே இதன் பொருள். கொள்வகையை அறிந்து கொடு என்று கூறிய அதே பாயிரம், கொள்ள இயலாதோன் என ஒருவனை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது.

நன்னூல் பேசுவது உயர்நூற் கல்வியையேயன்றிப் பொதுப் பள்ளிக்கூடத்தையன்று எனச் சிலர் அமைதி கூறுவர். அக்காலத்து நிலைக்கு அது பொருந்தலாம். ஆயின் அத்தீர்ப்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 'இவன் மொக்கன், இவனுக்கு ஏறாது' என இன்றும் வகுப்பறைகளில் ஒலிக்கும் சொல் அதன் வழித்தோன்றலே. இலங்கையிற் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி பள்ளி வாயிலை யாவர்க்கும் திறந்தது. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், ஆரம்ப வகுப்பிற் பிள்ளைகள் யாவரும் அடையவேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளை வகுத்தது. ஆயினும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடியவர் எனக் கருதப்படும் பிள்ளைகள்மேல் வகுப்பின் உழைப்பெல்லாம் குவிகின்றது. ஏனையோர் வகுப்பினுள் இருந்தும் வாயிலுக்கு வெளியே நிற்பவராகின்றனர்.

மந்தன் எனப்பட்டவனுக்குக் கற்பித்தாற் பயன் உண்டா என்பது ஊகத்தால் முடிவுசெய்யப்படும் வினாவன்று. இந்தியாவில் வடோதரா, மும்பாய் நகரங்களின் பள்ளிகளில் 2001 முதல் 2003 வரை இது சோதிக்கப்பட்டது. மூன்றாம் நான்காம் வகுப்புகளிற் பின்தங்கிய பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் வேறாக அழைத்து, அவ்வூர்ப் பெண்ணொருவர் அவர்கள் நின்ற படியிலிருந்தே எழுத்தையும் எண்ணையும் கற்பித்தார். பிரதம் என்னும் நிறுவனம் நடத்திய இம்முயற்சியைப் பானர்ஜி, டுப்லோ முதலியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். பயன் பெற்றோர் பெரும்பாலும் அப்பின்தங்கிய பிள்ளைகளே. அவர்கள் வெளியே சென்றதால் வகுப்பிற் பிள்ளைத்தொகை குறைந்தபோதும், அங்கு எஞ்சியிருந்தோர்க்கு அதனாற் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை. தொகையைக் குறைப்பதினும் படியறிந்து கற்பித்தல் வலிது என்பது இதன் பாடம். கற்பித்தவர் பெரும்புலவருமல்லர், நீண்ட பயிற்சி பெற்றவருமல்லர். பிள்ளை நிற்குமிடத்தை அறிந்து அங்கே சென்றவர், அவ்வளவே.

இத்தீர்ப்பை மறுப்பதற்குப் பாயிரத்துக்கு வெளியே செல்லவேண்டியதும் இல்லை. இடைமாணாக்கனுக்கு அது கூறும் உவமைகளுள் மற்றையது மண். உழுவோன் முயற்சியின் அளவே பயன்தருவது. வலிகாமத்துத் தோட்டக்காரன் கல்லைப் பொறுக்கி, எருவிட்டு, கிணற்றுநீர் இறைத்தே செம்மண்ணிற் பயிர்செய்கின்றான். விளைவு குன்றினால் நிலத்தை ஏசிவிட்டு அவன் வீட்டிலிருப்பதில்லை. மாணாக்கனை மண்ணென்று கூறிய நூல், விளையாமைக்கு விடையிறுக்கும் பொறுப்பை உழுவோனிடமே வைத்துவிட்டது. அப்பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டாற் கற்பிக்கத் தகாதோர் நிரலுக்கு இடமேயில்லை. ஆகவே நன்னூலை நன்னூலாலேயே திருத்திப் படித்தல் கூடும்.

பாயிரத்தைப் புகழ்வதோ பழிப்பதோ நமக்கு எளிது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆசிரியராக வெளியேறப்போகும் நம்மிற் பலர்க்கு அதனினும் அரிய பணியொன்று காத்திருக்கின்றது. வினாவைக் கேட்டபின் மூன்று விநாடி பொறுத்தல், குறிப்பெழுதுவித்த பாடத்தை மறுவாரம் ஏடு மூடி எழுதுவித்தல், ஒரு பிள்ளையைக்கொண்டு இன்னொரு பிள்ளைக்குச் சொல்லுவித்தல் ஆகிய இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரே குரலில் எழும் 'ஓம்' என்பதனுட் சேராத குரல் எதுவெனச் செவிகொடுத்துக் கேட்டலே முதற்படி. பிள்ளையின் கொள்வகையை அறியும் முயற்சி அங்கேதான் தொடங்குகின்றது.