வாசலில் நிற்கும் தூண்கள்

உடுமலைப்பேட்டையில், தளி ரோட்டுப் பக்கம், நண்பர் ஒருவர் நான்கு அடுக்கு வீடு கட்டியிருக்கிறார். கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பளிங்குத் தரையைப் புகழ்ந்தார்கள். மொட்டை மாடியிலிருந்து மலை தெரிவதைப் புகழ்ந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: எதைப் பார்த்தாலும், எது எதைத் தாங்குகிறது என்று தேடத் தோன்றும்.

மூலை மனை, ஆகவே கட்டடம் ‘ட’ எழுத்தைப்போல் வளைந்திருக்கிறது. மேலே நான்கு மாடியிலும் தூணுக்குத் தூண் செங்கல் சுவர். கீழே கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லை. கான்கிரீட் சுவரால் ஆன லிப்டுக் கூண்டு ஒரு கோடியில்.

“எடையைத் தாங்குமா?” என்றேன்.

“இன்னும் ஒரு மாடி போட்டாலும் தாங்கும்” என்றார் நண்பர்.

இருக்கலாம். எடை கீழ்நோக்கி இறங்குகிறது. பூகம்பமோ பக்கவாட்டில் உலுக்குகிறது. மேல்மாடிகள் சுவர்களின் பலத்தால் ஒரே பெட்டியாக விறைத்துக்கொள்ளும். வளைய வேண்டிய பாடு முழுவதும் கீழே வெறும் தூண்களுக்கு. விறைப்பெல்லாம் லிப்டுப் பக்கமே இருப்பதால் கட்டடம் நேராக ஆடாமல் திருகும். எதிர்க்கோடித் தூண்தான் அதிகம் அலைக்கழியும். ‘ட’வின் இரண்டு கைகளும் வெவ்வேறு விதமாக ஆட, உள்மூலை பிய்ந்துகொள்ளப் பார்க்கும்.

கொங்கு நாட்டில் பூகம்பமா என்று சிரிக்க வேண்டாம். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பகுதியைக் குலுக்கியதன் அளவு ஏறக்குறைய 6. 2001 ஜனவரி 26-ல் கட்ச் பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கீழே சுவரில்லாதவை. 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணய விதி, விரிவான கணக்குப் போடாவிட்டால் இத்தகைய கீழ்மாடியின் தூண்களையும் உத்திரங்களையும் வழக்கமான பூகம்ப விசையைப்போல் 2.5 மடங்குக்கு அமைக்கச் சொன்னது.

வீட்டைத் தூண்கள்மேல் நிறுத்துவதைப் புதுக் கட்டடக்கலையின் முதல் லட்சணமாகச் சொன்னவர் லெ கொர்புசியே. பாரிஸுக்கு அருகில் 1931-ல் முடிந்த அவருடைய சவாய் மாளிகையிலும் கீழே கார் வளைந்து வர இடம் உண்டு. ஆனால் அந்தத் தூண்கள்மேல் நான்கு மாடிச் செங்கல் சுவர் இல்லை. பூமியும் சாதுவான பூமி. நாம் அவருடைய தூண்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதுவும் அழகுக்காக அல்ல, மனை விலைக்காக.

என் குற்றச்சாட்டு வளைந்த கட்டடத்தின்மேல் அல்ல. வரைபடத்திலேயே ‘ட’வை இடைவெளி விட்டு இரண்டாகப் பிரித்திருக்கலாம், லிப்டுக்கு எதிர்க்கோடியிலும் அஸ்திவாரம்முதல் உச்சிவரை ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கலாம். முகப்புக்கு நாலு விதப் படம் போட்டுப் பார்த்தவர், இதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

“இப்போது என்ன செய்வது?” என்றார் நண்பர்.

“நல்ல என்ஜினீயரை வைத்துக் கணக்குப் பாருங்கள். சுவர் எழுப்ப இரண்டு கார் இடம் போகலாம்.”

அவர் முகம் வாடியது. “இடத்தையெல்லாம் வாடகைக்காரர்களுக்குப் பேசிவிட்டேனே!” என்றார்.