கவுந்தியடிகளும் கே.பி.எஸ். குரலும்

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் வரும் இடத்தைப் படித்தால் காதில் என்ன கேட்கிறது என்று நம் தங்கவயல் அன்பர்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தயங்காமல் 'வாழ்க்கை எனும் ஓடம்' என்பார்கள். 1964இல் வந்த 'பூம்புகார்' படப் பாட்டு அது. எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி. கவுந்தியாகவே நடித்துப் பாடியவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். இளங்கோவடிகள் நூலில் இப்பாட்டு கிடையாது. ஆனாலும் நூலை விரித்தால் பாட்டும் கூடவே வந்து உட்கார்ந்து கொள்கிறது. இதனால் நூலுக்கு லாபமா நஷ்டமா என்பதே என் கேள்வி.

சிலம்பு பாட்டு நிறைந்த நூல். கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை எல்லாம் பாடுவதற்கென்றே எழுந்தவை. ஆனால் அவற்றின் பழைய மெட்டு நமக்கு வந்து சேரவில்லை. அடியார்க்குநல்லார் உரைகூடக் கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. விபுலானந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டுப் பண்களைத் தேடினார். அது புலவர்களோடு நின்றது. காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு யாராவது குடிவரத்தானே செய்வார்கள்!

வேறொன்றும் உண்டு. 1940இல் 'மணிமேகலை' படத்தில் மணிமேகலையாக நடித்தவரும் இதே சுந்தராம்பாள்தான். அப்படத்துப் பாட்டு எதுவும் எங்க ஊரில் அந்நூலோடு ஒட்டவில்லை. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசர் வழிவந்த பௌத்தர்கள் அந்நூலைத் தங்கள் சமய நூலாகவே போற்றினார்கள். அங்கே வீடு காலியாக இல்லை.

ஓடப்பாட்டு இவ்வூரில் ஆழமாக இறங்கியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழம். பாறை வெடிப்புக்குப் பயந்துகொண்டே ஷிப்டுக்குப் போனவர்களுக்கு வாழ்வை ஓடம் என்றால் உரை தேவையா? 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் பாட்டு நிற்கவில்லை.

இனி நஷ்டக் கணக்கு. படத்துக் கவுந்தி சாந்தமான மூதாட்டி. நூலில் உள்ளவர் வேறு மாதிரி. கையில் மயிற்பீலி, தோளில் உறி, உதட்டில் மந்திரம். வயல்வழி நடக்கையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடுமே என்று கோவலனை எச்சரிக்கிற கந்தியார். வழியில் சாரணர் உரை கேட்டு, காமம் வெகுளி மயக்கம் மூன்றையும் வென்றவன் ஓதிய ஞானத் திருமொழி தவிர வேறெதற்கும் என் செவி திறவாது என்று உறுதி கூறுகிறார். காவிரி கடந்து தென்கரை சேர்ந்ததும் நடப்பது என்ன? தூர்த்தன் ஒருவனும் பரத்தையும் கண்ணகியைப் பழித்த சொல் அதே செவியில் விழுகிறது. உடனே நரியாகப் போங்கள் என்று சபித்துவிடுகிறார்! அறியாமல் பேசினார்கள், பொறுத்தருள வேண்டும் என்று வேண்டுவது இல்லறத்தார் இருவர். அதன் பிறகே சாபத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று எல்லை வைக்கிறார். துறவிக்குப் பொறுமை கற்பிக்கிறாள் ஒரு வணிகன் மனைவி. நாங்கள் சமணர், வீட்டில் இந்நூலைப் பக்தியோடு படிப்பவர்கள். எங்களுக்கே இந்த இடம் சங்கடமானது. இளங்கோ அதை மறைக்கவில்லை. பாட்டு காதில் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சங்கடம் வாசகருக்குத் தட்டுப்படாது, அவ்வளவுதான்.

ஓடத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். வைகைத் துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்த அம்பிகள் நிற்கின்றன. மூவரும் அவற்றில் ஏறவில்லை. வேறு துறையில் மரப்புணை ஒன்றில் கடக்கிறார்கள். அவர்களுக்கு வரப்போகும் துயரை அறிந்த வைகை, பூவாடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக் கொள்கிறாள். ஆடம்பர ஓடம் வேண்டாமென்று கட்டையைத் தேர்ந்த அந்த நுட்பம், ஓடப்பாட்டை எதிர்பார்த்துப் படிப்பவர் கண்ணில் படுமா?

லாபமும் சொல்லிவிட வேண்டும். நந்தனாராகவும் ஔவையாகவும் பாடிய சைவக் குரல் ஒரு சமணத் துறவிக்கு வாய்த்தது. அக்குரல் இல்லையென்றால் கவுந்தி என்ற பெயர் பள்ளிக்கூடப் பரீட்சையோடு போயிருக்கும். என் கடைக்கு வரும் வயதான பெண்மணி ஒருவருக்கு எழுத்து தெரியாது; கவுந்தியைத் தெரியும்.

ஆனால் கவுந்தியின் முடிவைப் பாட்டு தொடவில்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லித்தான் அது நமக்குத் தெரிகிறது. இவர்கள் வினை என்னோடு வந்த வேளையிலா பலித்தது என்று வருந்தி, உணவு துறந்து உயிர்விட்டார். எங்கள் மரபில் அது சல்லேகனை. சில அடிகளில் முடிகிறது. அவ்விடத்தைப் படிக்கையில் எனக்குச் சுந்தராம்பாள் குரல் கேட்பதில்லை.