கடல்மீது பழி வேண்டாம்: ‘கொற்கை’ புதினத்தை முன்வைத்து

மேச்சேரியில் கடல் இல்லை. செம்மண் மேடும், சோளக்கொல்லையும், ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் செம்மறி ஆடுகளும்தாம் எங்கள் பங்கின் காட்சிகள். வாரச்சந்தையில் கருவாட்டு மூட்டை அவிழும்போது எழும் வாசமே எங்களுக்குக் கடலோடு உள்ள உறவு. இத்தகைய இடத்தில் அமர்ந்துகொண்டு நெய்தல் நிலத்துப் புதினம் ஒன்றைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கக்கூடும். அதற்கான விடை ஒரு மறையுரையில் தொடங்குகிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கரையைத் தாக்கியது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நூற்றுக்கணக்கான மீனவர் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறன்று அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தபோது, கடல் இரக்கமற்றது என்றும், அதன் சீற்றத்தின்முன் மனிதன் ஒரு துரும்பு என்றும் உருக்கமாகவே பேசினேன். பலர் கண்ணீர் விட்டனர். பூசை முடிந்து வெளியே வந்தபோது, வயதான தாய் ஒருவர் என்னை நிறுத்தினார். அவருடைய பெற்றோர் மேட்டூர் அணை கட்டப்பட்டபோது ஊரிழந்து இப்பக்கம் வந்து குடியேறியவர்கள். “சாமி, தண்ணி மேல பழி போடாதீங்க. எங்க ஊருக்குள்ள தண்ணி தானா வரல. வர வுட்டாங்க” என்றார். வேறெதுவும் சொல்லாமல் நடந்து போய்விட்டார்.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையின் நீர்ப்பரப்பில் மூழ்கிய ஊர்களைப் பற்றி இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியருகே பழைய தேவாலயத்தின் கோபுரமும், சிவன் கோவிலின் நந்தியும் தலைகாட்டும். மக்கள் பரிசல் ஏறிப் போய்ப் பார்த்து வருவார்கள். நானும் போயிருக்கிறேன். ஆயினும் அக்கோபுரத்தைக் குமரிக் கரையின் சாவுகளோடு இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. அத்தாய்க்குத் தோன்றியது. அவருடைய சொல்லைக் கையில் ஓர் உரைகல்லாக வைத்துக்கொண்டு ‘கொற்கை’யை மறுபடியும் படித்தேன். இக்கட்டுரை அவ்வாசிப்பின் பயன்.

ஜோ டி குரூஸ் எழுதிய ‘கொற்கை’ 2009இல் வெளிவந்து, 2013இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. உவரியில் பிறந்து கப்பல் வாணிகத் துறையில் பணியாற்றியவர் இதன் ஆசிரியர். 1914 முதல் 2000 வரையிலான தூத்துக்குடியின் வாழ்வை, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரித்துக் காட்டுகிறார். தோணிகள் இலங்கைக்குப் பாய் விரிக்கின்றன. தண்டல்கள் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துச் சரக்கைக் கரைசேர்க்கின்றனர். பரதவர் தலைவரான பாண்டியபதியின் பெருமை மெல்ல மங்குகிறது. வாணிகம் ஒவ்வொரு கையாக மாறிச் செல்கிறது. கடலை அறிந்தவர்கள் கரையில் கூலிகளாகி நிற்க, கணக்கை அறிந்தவர்கள் முதலாளிகளாகின்றனர். ஒரு நகரம் வளர வளர அதை உண்டாக்கிய மக்கள் அதன் ஓரத்திற்குத் தள்ளப்படுவதே புதினத்தின் ஆதாரமான துயரம் எனலாம்.

இத்துயரத்திற்கு ஆசிரியர் எவரைப் பொறுப்பாக்குகிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. இவ்விடத்தில் அவருடைய நேர்மை வியப்புக்குரியது. வெளியாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தம் மக்களைத் தூயவர்களாகக் காட்டும் எளிய வழியை அவர் நாடவில்லை. உட்பகையும், வீண் பெருமையும், கல்வியின்மீது காட்டிய அலட்சியமும், குடியும் ஒரு சமூகத்தை எவ்வாறு அரித்தன என்பதைத் தயக்கமின்றிக் காட்டுகிறார். திருச்சபையும் தப்பவில்லை. குருக்களாகிய நாம் அதிகாரத்தை நாடிய இடங்களும், மக்களின் பிளவுகளில் ஒரு பக்கம் சாய்ந்த இடங்களும் புதினத்தில் உள்ளன. இவற்றைப் படித்துச் சினம்கொண்ட குருக்களை நான் அறிவேன். அவருடைய முந்தைய படைப்பான ‘ஆழி சூழ் உலகு’வில் மக்களோடு மக்களாக வாழ்ந்த காகு சாமியாரைப் படைத்த அதே கைதான் இதையும் எழுதியது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அன்பு கொண்டவனின் கடிந்துரை அது.

இனிக் குறைகளுக்கு வருவோம். மாந்தர் மிகுதியால் வாசகர் திணறுகிறார். ஒருவரை அறிந்துகொள்ளும் முன்னரே அடுத்தவர் வந்துவிடுகிறார். ஆண்டுகளின் வரிசையே கதையை நடத்திச் செல்வதால், சில இடங்களில் புதினம் ஊர்ப் பதிவேடாகிவிடுகிறது. பெண்கள் ஆண்களின் ஆசைக்கும் இழப்புக்கும் சாட்சிகளாக நிற்கும் அளவுக்குத் தம் உழைப்பின் வழியே வெளிப்படவில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்த மிகச்சிறிய நூல். அதில் பிலோமி என்ற ஒரே பெண்ணின் மனம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ‘கொற்கை’யின் பரப்பில் அத்தகைய ஆழம் அரிதாகவே வாய்க்கிறது.

எனினும் நான் சொல்ல வந்த குறை இவற்றினும் பெரியது. அது ஆசிரியரின் குறை என்பதைவிட நெய்தல் எழுத்து முழுவதன் குறை என்றே கூறலாம். இப்புதினங்களில் மனிதர் மாறுகின்றனர், படகுகள் மாறுகின்றன, விலைகள் மாறுகின்றன, கடல் மட்டும் மாறுவதில்லை. ‘கடல்புரத்தில்’ குரூஸ் மிக்கேல் தம் வல்லத்தை விற்கும்போது, விற்கப்பட்டது வல்லம்தான், கடல் அங்கேயே இருக்கிறது என்ற உறுதி கதைக்குப் பின்னால் நிற்கிறது. ‘ஆழி சூழ் உலகு’வில் கடலில் தத்தளிக்கும் மூவருள் மூத்தவர்கள் இளையவனைக் காக்க முற்படும் பகுதி தமிழ் உரைநடையின் உயரிய பகுதிகளுள் ஒன்று. அங்கும் கடல் என்றுமுள்ள ஒரு பேராற்றலாகவே விளங்குகிறது. அது கொல்லும், கொடுக்கும். ஆனால் அதன் இயல்பு திரியாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதனதன் காலத்தை அறிந்து வைத்திருந்த மக்களின் அறிவு முழுவதும் அந்த உறுதியின்மேல் எழுப்பப்பட்டதே.

அவ்வுறுதி இன்று இல்லை. 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது. கடல்நீர் சூடேறியதால் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 2010இலும் 2016இலும் பெருமளவில் வெளிறிப்போயின. அவ்வளைகுடாவின் 21 தீவுகளுள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் மறைந்துவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு பெரும்பகுதி கரைந்துபோய், செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காக்க வேண்டியதாயிற்று. ஒக்கி மிகக் குறுகிய காலத்தில் வலுப்பெற்ற புயல். அது உருவாகும் முன்பே கடலேறியவர்களுக்கு முன்னோர் தந்த குறிகள் பயன்படவில்லை. வானொலியின் எச்சரிக்கையும் எட்டவில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி நகரம் பல நாட்கள் தண்ணீரில் நின்றது. கடலுக்கு அஞ்சிய ஊரை இம்முறை வானமும் ஆற்றுவெள்ளமும் மூழ்கடித்தன.

இவ்விடத்தில்தான் அத்தாயின் சொல் என் முன் வந்து நிற்கிறது. தண்ணீர் தானாக வரவில்லை. அவ்விரு தீவுகள் மறைந்ததற்குப் பெருங்காரணம், கட்டடங்களுக்கும் சுண்ணாம்புச் சூளைகளுக்குமாகப் பவளக் கற்களைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததே. அலையைத் தடுத்து நின்ற அரணை அகற்றிவிட்டு, அலை ஏன் வந்தது என்று கேட்கிறோம். தூத்துக்குடியில் 1979 முதல் அனல்மின் நிலையம் எரிகிறது. அதைச் சொல்லும்போது என் பங்கின் வானத்தையும் நான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் நான்கு அலகுகள் 1987க்கும் 1990க்கும் இடையே இயங்கத் தொடங்கின. 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. அந்நிலக்கரிப் புகை ஊர்ப் பெயர் கேட்டு நிற்பதில்லை. மேச்சேரியின் விளக்குக்கும் குமரியின் கடலுக்கும் இடையே தொடர்பு உண்டு. கடல் இரக்கமற்றது என்று நான் பீடத்தில் நின்று கூறியபோது, என் தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மின்சாரமே பாவம் என்று நான் கூறவில்லை. பொறுப்பு முழுவதையும் கடலின் தலையில் கட்டிவிட்டு ஆறுதல் கூறியதைத்தான் குற்றமாக உணர்கிறேன்.

விவிலியம் இவ்வகையில் நமக்கு எளிய புகலிடம் தருவதில்லை. யோபு நூலின் இறுதிப் பகுதியில் ஆண்டவர் கடலுக்குக் கதவும் தாழும் இட்டு எல்லை வகுத்ததாகப் பேசுகிறார். அவ்வெல்லையைக் காட்டி, எதுவும் நேராது என்று சோம்பியிருக்கும் பக்தியும் உண்டு. கரை உடைந்தபின் இறைசித்தம் என்று கைவிரிக்கும் பக்தியும் உண்டு. இரண்டும் ஒன்றே. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், வளமாக வாழ்வோர் ஏழைகளுக்குப் பட்டிருக்கும் சூழலியல் கடனைப் பற்றிப் பேசுகிறது. பாவ அறிக்கையில் நாம் இன்னும் சேர்த்துக்கொள்ளாத கடன் அது.

இனி, புதினத்தின் தலைப்பைக் கவனிப்போம். தூத்துக்குடியின் கதைக்கு ஆசிரியர் ‘கொற்கை’ என்று பெயரிட்டார். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய பழைய கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணியின் வண்டல் சேரச்சேரக் கடல் விலகியது. துறைமுகம் காயலுக்குப் போயிற்று; பின்னர் தூத்துக்குடிக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் பேராயர் கால்டுவெல் அம்மண்ணைத் தோண்டித்தான் பழம்பெருமையின் தடயங்களைத் தேட வேண்டியிருந்தது. பழம்பெருமையை நினைவூட்டவே ஆசிரியர் இப்பெயரைத் தெரிந்திருக்கலாம். ஆனால் படைப்பு சில வேளைகளில் படைத்தவரைவிட அதிகம் அறிந்திருக்கிறது. கரை நிலையானதன்று என்ற செய்தி அட்டையிலேயே இருக்கிறது. ‘ஆழி சூழ் உலகு’ என்ற தலைப்பும் இதற்கு விலக்கன்று. கம்பனில் அத்தொடர், நாட்டைவிட்டு நீங்குமாறு கைகேயி இராமனிடம் கூறும் இடத்தில் வருவது. கடல் சூழ்ந்த உலகைப் பற்றிய அப்பெருமிதத் தொடர், வெளியேற்றப்பட்டவன் காதில் விழுந்த சொல்.

வெளியேற்றம் இன்றும் ஓயவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் செம்பு உருக்காலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். தம் காற்றும் நீரும் தமக்கு வேண்டும் என்று கேட்டவர்களின் ஊர் அது. 2000இல் முடிந்துவிடும் ‘கொற்கை’க்கு இவை தெரியாது. ஆனால் நகரத்தின் இலாபத்தில் பங்கில்லாதவர்களே அதன் இழப்பில் முதற்பங்கு பெறுகின்றனர் என்ற உண்மையை அது முன்னரே கூறிவிட்டது. அதனால்தான் பெருங்குறைகளோடும் அது பெருநூல். அதன் பக்கங்களில் உள்ள காற்றுப் பெயர்களும், நீரோட்டக் கணக்குகளும், தண்டல்களின் சொற்களும் இனி ஒரு மறைந்த கடலின் ஆவணமாகவும் ஆகிவிட்டன. இளைய எழுத்தாளர் ஒருவர் இதன் தொடர்ச்சியை எழுதுவாராயின், கடலையும் ஒரு மாந்தராக, துன்புறுத்தப்படும் மாந்தராக, கதைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். உள்நாட்டு ஊர்களாகிய நாமும் அக்கதையில் இடம்பெறுவோம். நல்ல பாத்திரங்களாக இருப்போம் என்பதற்கு உறுதியில்லை.

1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் கூரையற்ற தேவாலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இங்கே பண்ணவாடியில் நீர் வற்றும்போது கோபுரம் தெரிகிறது. ஒன்றைக் காற்றும் கடலும் அழித்தன; மற்றதை மனிதரின் முடிவு மூழ்கடித்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தொலைவு நம் காலத்தில் குறைந்துகொண்டே வருகிறது.

அத்தாய் இப்போது இல்லை. அவருடைய அடக்கச் சடங்கன்று நான் நீண்ட மறையுரை எதுவும் ஆற்றவில்லை. ஒக்கிப் புயலுக்குப் பிந்திய அந்த ஞாயிறன்று நான் கூறியது தவறு என்பதை மட்டும், அவர் பெயரைச் சொல்லி, மக்கள் முன் ஒப்புக்கொண்டேன்.