தீர்ப்புக்குப் பிறகான ராத்திரி

சிதம்பரம் பக்கத்துச் சேரி ஒன்றில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி 'ஜெய் பீம்' (2021) போட்டோம். லாக்கப்பில் அடிக்கிற காட்சி நீண்டுகொண்டே போனது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். 'பட்டது பத்தாதா, அத இன்னொரு தடவ காட்டணுமாடா?' என்றாள் ஒரு ஆயா. அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விமர்சனம் அதுதான்.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2006இல். பதிமூன்று வருஷத்தைப் படம் மூன்று மணி நேரத்துக்குள் அடைக்கிறது. சினிமாவுக்கு அந்த வசதி உண்டு. (குறவர் கதை இருளர் கதையானது தனி வழக்கு.) என் கேள்வி வேற. செங்கேணியின் துயரத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வக்கீலும் நீதிபதியும்தான். அங்கே அவள் அழுகையும் சாட்சியமாகிவிடுகிறது. உயிரோடு திரும்பிய இருட்டப்பனும் மொசக்குட்டியும் ராத்திரியில் தூங்கினார்களா? அவர்களை உட்கார வைத்துப் பேசவிட ஒரு திண்ணைகூடப் படத்தில் இல்லை. வதைபட்டவர் தனியாகத் தேற முடியாது, உறவுகளுக்குள்தான் தேறுவார் என்று 1992இலேயே எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். எழவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிற நம்ம பொம்பளைங்களுக்கு இது புதுசா?

எழுந்து போனவர்களைத் தேடிப் போனேன். மாரியம்மன் கோயில் திண்ணையில் இருந்தார்கள். தன் புருஷனை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போன கதையை ஆயா சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். படம் முடிந்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை.